மான்கொம்புக் கத்தியை யார் பிடித்தது

எனக்கு எண்பத்திரண்டு வயதாகிறது. வளர்த்தது ஒன்பது பிள்ளைகள். ஏழு நான் பெற்றவை. இரண்டு என் நாத்தனார் விட்டுவிட்டுப் போனவை. ஒன்பதும் தலையெடுத்து, கல்யாணம் கட்டி, எனக்கே புத்தி சொல்லும் அளவுக்கு வந்துவிட்டன. நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. பிள்ளைகளின் சிலேட்டைப் பார்த்து எழுத்துக்கூட்டக் கற்றவள். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் வாயில் போட்ட வெற்றிலை கரைந்துவிடும். கரையட்டும், எனக்கு என்ன அவசரம்?

போன வாரம் ஒரு பேரன் வந்தான். தெப்ராவ் ஊர்ப் பக்கம் தொழிற்சாலை வேலை. இடுப்பில் தோல் உறை, உறைக்குள் மடக்குக் கத்தி. அவனும் அவன் கூட்டாளிகளும் சனிக்கிழமை ஆனால் காப்பிக் கடை மேசையில் ஆளுக்கொரு கத்தியைப் பரப்பி வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்ப்பார்களாம்.

"பாட்டி, தாத்தா மாட்டக் காப்பாத்துன கத்தி ஒங்ககிட்டதான இருக்கு? வர்ற சனிக்கெழம கொண்டாறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்லா."

"எப்படிக் காப்பாத்தினாராம் ஒங்க தாத்தா?"

"மழத்தண்ணி ஓடுற கான்ல குதிச்சாராம். ஒரே இழுப்பாம். கயிறு ரெண்டு துண்டாம்."

எழுந்துபோய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தேன். அன்று சாயங்காலமே பேத்தியிடம் தாளும் பென்சிலும் கேட்டேன்.

அப்போது நாங்கள் பாலோ பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். நானும் என் வீட்டுக்காரரும் பால்மரம் வெட்டினோம், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. மரம் வெட்டுகிற கத்தியைப் பற்றி யாரும் பெருமை பேசுவதில்லை; அது சோறு போடுகிற கத்தி. பெருமை எல்லாம் மடியில் செருகியிருக்கும் மடக்குக் கத்திக்குத்தான். என் வீட்டுக்காரருடையது மான்கொம்புப் பிடி போட்டது. சிங்கப்பூரில் ஒரு கப்பல்காரனிடம் வாங்கினார். தேங்காயெண்ணெய் தடவி, கம்பளித் துணியில் சுற்றி, தூங்கும்போதும் தலைமாட்டில் வைத்திருப்பார். புகையிலை அறுக்க வேண்டுமென்றால் மட்டும் என் அரிவாள்மணையைக் கேட்பார்.

"ஒங்க கத்தி என்னாச்சு?" என்றால், "அது புகையில அறுக்கிற கத்தியா?" என்பார். அது எதை அறுக்கிற கத்தி என்று கடைசி வரைக்கும் அவர் சொன்னதில்லை.

இவரைப் போலப் பைத்தியம் இன்னும் இரண்டு பேருக்கு இருந்தது. ஒருவர் எங்கள் தண்டல், வேலைக்காட்டில் எங்களை மேய்க்கிறவர். அவர் கத்திக்குப் பித்தளைப் பிடி. மடக்கினால் 'டக்'கென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே பேச்சுக்குப் பேச்சு திறந்து மூடுவார். இன்னொருவர் துரை பங்களாவில் குசினிக்காரர், சமையல் வேலை. துரை கழித்துப்போட்ட கத்தி அவருக்குக் கிடைத்திருந்தது. அதில் ஏழெட்டு நாக்கு உண்டு. அதிலொரு கொக்கி, குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை எடுக்கவாம். அந்த மனிதர் குதிரையைக் கண்ணால் பார்த்திருப்பாரா என்றே எனக்குச் சந்தேகம். தோட்டத்தில் இருந்தது மாடு, ஆடு, கோழி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்கு எதிரே ரம்புத்தான் மரத்தடியில் மூன்று பேரும் சாக்கு விரித்து உட்காருவார்கள். கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் கொடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும் சண்டை வரும் என்று நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. வீட்டில் நானும் அப்படித்தான். கீழே வைப்பேன், மற்றவர் எடுத்துக்கொள்வார். ஆனால் இவர்கள் அதை ஒரு பூசையாகவே ஆக்கியிருந்தார்கள். ஒருவர் தம்முடையதைத் துடைத்துச் சாக்கில் வைப்பார். இன்னொருவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுப்பார். திறப்பார், வெளிச்சத்தில் பிடிப்பார், நாக்கைச் சப்புக்கொட்டுவார், கூர் பார்க்க இடது முன்கையில் மயிரைச் சிரைப்பார். மூன்று பேருக்கும் இடது கை மழமழவென்று பொம்பளைக் கை மாதிரி இருக்கும். வெயில் சாயும் வரை அடுத்தவர் கத்தியைத்தான் கையில் வைத்திருப்பார்கள். சொந்தக் கத்தியை மடியில் வைத்துக்கொண்டால் மரியாதை இல்லையாம்.

ஒரு நாள் தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கம் போனேன்.

"சத்தத்தக் கேளுங்கண்ணே," என்றார் தண்டல், தம்முடையதைச் சாக்கில் வைக்குமுன் டக் டக் என்று மூடியபடி.

"ஒம்மது சத்தம் போடும். நம்மது வேல செய்யும்," என்றார் குசினிக்காரர்.

"இன்னிக்கு என்ன வேல செஞ்சுச்சுங்க, குதிரைக்குக் கல்லெடுத்துச்சா?" என்று கேட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. "பொம்பளைக்கு இதெல்லாம் வெளங்காது. நீ போ புள்ள."

போனேன். எனக்கு வேலை இருந்தது.

அந்த வருடம் என் நாலாவது பெண் கைப்பிள்ளை. காய்ச்சலில் கிடந்து எழுந்ததில் எனக்குப் பால் வற்றிவிட்டது. கடையில் விற்கும் டின் பாலைக் கரைத்து ஊற்றினால் அத்தனையும் கக்கிவிடுவாள். விலா எலும்பு தெரிந்தது. அவள் வயிற்றில் தங்கியது எங்கள் வெள்ளைப் பசுவின் பால் ஒன்றுதான். நாங்கள் குடியிருந்த அந்த லயத்து வரிசை வீடுகளில் அப்போது கறவையில் இருந்த மாடு அது ஒன்றே. அந்த மாடு இருக்கும் வரை என் பிள்ளை இருப்பாள் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை பெய்து ஓய்ந்த மத்தியானம். கடைக்குப் பின்னால் பெரிய கான் ஒன்று வெட்டி, மழைத் தண்ணீரைக் காட்டுப் பக்கம் விட்டிருந்தார்கள். அதன் பலகைப் பாலத்துக் கட்டையில் மாட்டை மேயக் கட்டியிருந்தேன். அவிழ்த்துவரப் போனால் மாட்டைக் காணோம். மேட்டில் வழுக்கிக் கானுக்குள் சரிந்திருந்தது. கயிறு கட்டையில் சுற்றிக்கொண்டு, கழுத்தில் சுருக்காக இறுகி, மாடு பாதி தொங்கியபடி நாக்கைத் தள்ளிக்கொண்டிருந்தது.

நான் குதித்தேன். இடுப்பளவு சேறு. மாட்டின் தாடைக்குக் கீழே தோளைக் கொடுத்து முட்டுக் கொடுத்தேன். ஈரத்தில் ஊறிய முடிச்சு, விரலுக்கு அசையவில்லை. கத்தினேன். ரம்புத்தான் மரம் கூப்பிடு தூரம்தான். மூன்று பேரும் ஓடிவந்தார்கள். மூன்று பேர் கையிலும் மூன்று கத்தி. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

"அறுங்க! சீக்கிரம் அறுங்க!"

என் வீட்டுக்காரர் கையில் இருந்தது குசினிக்காரரின் குதிரைக் கத்தி. குசினிக்காரர் கையில் தண்டலின் பித்தளைக் கத்தி. தண்டலின் கையில் எங்கள் மான்கொம்பு. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"தண்டலே, நீரு கிட்ட இருக்கீரு, அறுத்து விடும்," என்றார் குசினிக்காரர்.

"இது அண்ணன் கத்தியாச்சே! அடுத்தவன் பொருளு, கூரு போச்சுன்னா என்னயத்தான் சொல்லுவாரு."

"அப்ப அவரு அறுக்கட்டும்."

"அவரு கையில இருக்கிறது ஒம்ம கத்தியா இல்லியா?"

"ஐயையோ, அலமாக்! அதச் சேத்துல விட்டுடாதீங்கண்ணே, ஏழு நாக்குக்கும் துரு ஏறிடும்!"

மாடு என் தோளில் கனத்துக்கொண்டே வந்தது. அதன் மூச்சு என் காதில் விசில் மாதிரி கேட்டது.

"என் கத்திய எங்கிட்டக் கொடுங்க தண்டலே," என்றார் என் வீட்டுக்காரர். சரி, இப்போதாவது புத்தி வந்ததே என்று நினைத்தேன். தண்டல் கையை நீட்டினார். பிறகு சட்டென்று இழுத்துக்கொண்டார். கைக்குக் கை கொடுக்கக் கூடாதே! குனிந்தார். தரையெல்லாம் சேறு. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, நாலாக மடித்து, மேட்டில் விரித்து, கத்தியை மடக்கி அதன்மேல் வைத்தார். அதை எடுக்க வேண்டுமென்றால் என் வீட்டுக்காரர் முதலில் தம் கையில் இருக்கும் குதிரைக் கத்தியை எங்கேயாவது வைக்க வேண்டும். சுத்தமான இடம் தேடி அவர் அப்படியும் இப்படியும் திரும்பினார்.

துண்டு என் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. எட்டி எடுத்தேன். மாட்டை விட முடியாததால் பல்லால் இழுத்துத் திறந்தேன். எண்ணெய் நாற்றம். கயிற்றில் வைத்து அறுத்தேன். நல்ல கூர், அதை மறைத்துப் பேச மாட்டேன். கடைசிப் பிரி அறும்போது கத்தி வேகத்தில் போய்க் கட்டையில் இருந்த ஆணியில் மோதியது. மாடு பொத்தென்று சேற்றில் விழுந்தது. இருமியது. மூச்சை இழுத்தது. நானும் இழுத்தேன்.

என் வீட்டுக்காரர் கான் விளிம்புக்கு வந்தார். மாட்டிடம் வரவில்லை, என்னிடமும் வரவில்லை. நான் மேட்டில் போட்டிருந்த கத்தியை எடுத்து, வேட்டி முனையில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஐயோ, வாய் தெறிச்சுப் போச்சே!"

மற்ற இருவரும் ஓடிவந்து குனிந்து பார்த்தார்கள். நெல்லளவு பெயர்ந்திருந்தது. "சாணை புடிச்சா சரியாயிடும்ணே, மனசத் தளர விடாதீங்க," என்று தண்டல் அவர் முதுகைத் தடவினார். இழவு வீட்டில்கூட மனிதர்கள் அப்படித் தடவ மாட்டார்கள். நான் மாட்டைத் தனியாகவே மேடேற்றினேன். அது மிரண்டு போய் அன்று சாயங்காலம் பாலை ஒளித்துக்கொண்டது. மறுநாள் காலையில் ஒரு சொம்பு கறந்தது. பிள்ளை குடித்தாள், கக்காமல் தூங்கினாள்.

மூளியான கத்தியை என் வீட்டுக்காரர் அடுப்பங்கரை மாடத்தில் எறிந்துவிட்டார். நான் எடுத்துக்கொண்டேன். நெத்திலி ஆய்ந்தேன், தேங்காய் நார் உரித்தேன், புகையிலையும் அறுத்துக் கொடுத்தேன். சில ஞாயிற்றுக்கிழமைகள் போனதும் அவருக்கு ரம்புத்தான் மரத்தடி நினைப்பு வந்துவிட்டது.

"அதக் கொடு புள்ள."

கைக்குக் கை கொடுக்கக் கூடாதென்று தரையில் வைத்தேன். "எடுத்துக்குங்க."

குனிந்து பார்த்தார். பிடியெல்லாம் நெத்திலிச் செதில். எடுக்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு போனார். கூட்டாளிகள் இருவருக்கும் நடந்தது தெரியும்; கடைக்கு வருகிற மற்றவர்களுக்கு, கத்தி இல்லாததற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும் அல்லவா? அன்றுதான் அவர் கானில் குதித்திருக்க வேண்டும். வருடம் ஆக ஆக இன்னும் ஆழமாகக் குதித்தார். அவருடைய கருமாதியில்கூட யாரோ அதைச் சொன்னார்கள். பந்தியில் இலைகள் காத்திருந்தன; நான் சோறு பரிமாறிக்கொண்டே போனேன். அதுதான் இப்போது காப்பிக் கடை மேசை வரைக்கும் வந்து நிற்கிறது.

கத்தி அடுப்பங்கரையில் இருக்கிறது. நேற்றும் வெங்காயம் அரிந்தேன். சனிக்கிழமைக்கு அது வராது.

இவ்வளவுதான். கண்ணு, நீ கொடுத்த இந்தத் தாளை எடு. அந்தக் கைப்பிள்ளை உன் அம்மாதான், அதனால் உன்னிடம் கொடுக்கிறேன். எழுத்து தப்பாக இருந்தால் திருத்திக்கொள், மற்றதில் கை வைக்காதே. கத்தி கேட்ட உன் அண்ணன் இன்று மறுபடி வந்து கூடத்தில் உட்கார்ந்து கையில் மயிர் சிரைத்துக்கொண்டிருக்கிறான். அவன் காதில் விழுகிற மாதிரி, முதலிலிருந்து சத்தமாக வாசி, கேட்போம்.