நாத்தனாரின் கணுக்கால்

அந்தத் தெருவில் அவளைப் பசையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கையைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். நகக்கண்ணில் காவி, விரலிடுக்கில் காய்ந்த பிசின், முழங்கையில் எப்போதும் ஒரு சொட்டு அக்ரிலிக் நீலம். காலையில் ஃப்ரேம் கடையில் அடுத்தவர் படங்களுக்குச் சட்டம் வெட்டுவாள். மதியம் வீட்டுக்கு வந்து பின்கட்டு அறையில் தன் படங்களில் இறங்கிவிடுவாள்.

அவள் படத்தில் மரம் இருக்காது, மனிதர் இருக்க மாட்டார்கள். ஒட்டுப்பலகையில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசி, அது காயுமுன் கரித்தூளைத் தேய்த்து, காவியை முட்டையின் மஞ்சள் கருவில் கரைத்து இழுப்பாள். மேலே கீறல் விழுந்த கைபேசிக் கண்ணாடி, மாத்திரை அட்டை, பழைய ரேடியோவின் செம்புக் கம்பி என்று கையில் கிடைத்ததைப் பதிப்பாள். கிடைக்காததை எடுத்துக்கொள்வாள். அங்கேதான் வம்பு. பஸ் ஓட்டும் கணவரின் சீருடைப் பித்தான்கள் மாதத்துக்கு இரண்டு காணாமல் போகும். ஆம்லெட்டுக்கு வைத்த முட்டை போகும். அவர் ஒன்றும் கேட்க மாட்டார். மனிதர் வாய் திறப்பதே ஹாரன் வேலை செய்யாத நாளில்தான்.

வாய் திறப்பதற்கென்றே அவருடைய அக்கா வந்து சேர்ந்தாள். டெலிபோன் நிலையத்தில் முப்பது வருடம் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். படியில் கால் பிசகி, கணுக்கால் வீங்கி, "தனியா இருக்க முடியாதுடா தம்பி" என்று வந்தவள், பதினான்கு மாதம் ஆகியும் கிளம்பவில்லை. ஸ்டூலில் வலது காலை நீட்டி, கூடத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு ஆட்சி செய்தாள்.

"எலும்புல மயிரிழை விரிசல்" என்பாள், வருகிறவர்களிடமெல்லாம். கூடவே எக்ஸ்ரே படத்தை உறையிலிருந்து உருவி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டுவாள். விரிசல் இருக்கும் இடம் என்று அதில் பச்சை மையால் ஒரு வட்டம் வேறு போட்டிருந்தாள். வந்தவர்கள் எல்லாரும் "அடடா, ஆமாம், தெரியுது" என்பார்கள். யாருக்கு என்ன தெரிந்ததோ.

பசையக்காவுக்கு விரிசல் தெரியவில்லை. ஆனால் அந்தக் கறுப்பு தெரிந்தது. வெளிச்சம் ஊடுருவும் கறுப்பு, அதற்குள் பால் போல மிதக்கும் எலும்பு. கரித்தூளை எவ்வளவு அரைத்தாலும் அந்தக் கறுப்பு வராது. ஒரு மாதம் மனசை அடக்கிப் பார்த்தாள். நாத்தனார் குறட்டை விட்ட ஒரு மதியம் உறை காலியானது.

மறுநாளிலிருந்து வீடு ரணகளம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள் நாத்தனார். கடைசியில் பழி தம்பி தலையில் விழுந்தது. "பழைய பேப்பரோட நீதான் போட்டிருப்பே!" அவர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். "போட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டார். அன்று அவருக்கு இரண்டு முட்டை ஆம்லெட் கிடைத்தது.

ஃப்ரேம் கடைக்காரர் தன் மாடியைக் காலி செய்து பசையக்காவின் பதினோரு படங்களைக் கண்காட்சியாக மாட்டினார். எக்ஸ்ரேவைப் பதித்த எலும்புப் படம் நடுச்சுவரில். பின்னால் ஒரு விளக்கு, முன்னால் சுண்ணாம்பும் காவியும். எக்ஸ்ரேயில் நாத்தனார் பெயர் எழுதியிருந்த மூலையைத் தங்கத்தாள் ஒட்டி மறைத்திருந்தாள். நாத்தனாரால் மாடி ஏற முடியாது என்பதுதான் அவளுடைய முழு நம்பிக்கை.

"நம்ம வீட்டு ஆளு படம். நான் வராம இருந்தா ஊர் என்ன பேசும்?" என்று நாத்தனார் கிளம்பிவிட்டாள். தம்பி ஒரு தோள், கடைக்காரர் ஒரு தோள். இருந்த ஒரே நாற்காலியில், நல்லவேளையாகப் படத்துக்கு முதுகைக் காட்டி, அவளை உட்கார வைத்தார்கள். 

அந்த நேரம் பார்த்து எலும்பு டாக்டரம்மா ஒருவர் வந்தார். தன் கிளினிக் வரவேற்பறைக்குப் படம் தேடுகிறவர். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், நடுச்சுவரில் நின்றார். கண்ணாடியை மாட்டினார். மூக்கு படத்தைத் தொடும் அளவுக்கு நெருங்கினார்.

"இது யாரோட கணுக்கால்ங்க?"

"ஆஸ்பத்திரிக் குப்பையில கிடந்தது டாக்டர்" என்றாள் பசையக்கா அவசரமாக.

"யாரா இருந்தாலும் குடுத்து வெச்சவங்க. சுத்தமான எலும்பு. ஒரு கீறல்கூட இல்ல. எவனோ விவரம் தெரியாம பச்சை வட்டம் வேற போட்டிருக்கான்."

பச்சை வட்டம் என்ற சொல்தான் நாத்தனார் காதில் விழுந்தது. விருட்டென்று எழுந்தாள். நான்கே எட்டில் படத்தின் முன் நின்றாள். "அது என் கால்! வட்டம் போட்டது நான்தான்! அடிப்பாவி, என் எக்ஸ்ரேவையா ஒட்டினே?"

நுணலும் தன் வாயால் கெடும். 

"அக்கா" என்றார் தம்பி மெதுவாக, "நடக்கிறியே."

நாத்தனார் குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள், அது யாருடையதோ என்பதுபோல. முகம் வெளிறிவிட்டது. பதினான்கு மாதமாக எடுத்துக் கொடுத்த தலையணைகள், தூக்கி வந்த தட்டுகள் எல்லாம் பசையக்காவின் கண் முன் வரிசை கட்டின. ஒரே ஒரு வார்த்தை போதும், பழி தீர்க்க. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு வேறு குறும்பு தோன்றியது.

"பார்த்தீங்களா டாக்டர்" என்றாள். "இந்தப் படத்துல சுண்ணாம்பு இருக்கு, முட்டை இருக்கு. எலும்புக்கு இதைவிட என்ன வேணும்? முன்னாடி வந்து நின்னதும் குணமாயிடுச்சு."

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "அப்படீன்னா என் கிளினிக்ல மாட்டினா எனக்குத் தொழில் போயிடுமே!" என்றபடியே அதையே எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு நடந்தே போனார்கள். நாத்தனார் பாதி வழிவரை பேசவில்லை. அதுவே ஓர் அதிசயம்.

"வலி மூணு வாரத்துல போயிடுச்சு" என்றாள் பிறகு, ரோட்டைப் பார்த்தபடி. "முப்பது வருஷம் காதுல யாராவது பேசிக்கிட்டே இருந்தாங்க. என் வீட்டுல சுவத்துக்கடிகாரம் மட்டும்தான். இங்க கூப்பிட்டா யாராவது வர்றீங்க."

பசையக்கா நடையைக் குறைத்து அவள் பக்கத்தில் வந்தாள்.  "கால் வலிக்காமலும் இருக்கலாம் அண்ணி. யாரு போகச் சொன்னா? பாத்திரம் மட்டும் நீங்க கழுவணும்."

"பாத்திரமா? எனக்குக் கையில கொஞ்சம் வலி..."

"அப்ப கையையும் எக்ஸ்ரே எடுத்துடலாம். அடுத்த படத்துக்கு ஆகும்."

முன்னால் போய்க்கொண்டிருந்த கணவரின் தோள் குலுங்கியது. நாத்தனார் முறைத்துப் பார்த்தாள். அப்புறம் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் பாத்திரம் கழுவுவது நாத்தனார்தான், ஒவ்வொரு தட்டுக்கும் நூறு பேச்சோடு. வாரம் ஒருநாள் கிளினிக்குக்கும் நடந்து போய்விட்டு வருகிறாள். அங்கே காத்திருக்கும் நோயாளிகளிடம் படத்தைக் காட்டி, "மாடலா நின்னது யாரு தெரியுமா?" என்று ஆரம்பிக்கிறாளாம்.