எலும்புத் துரையும் மாலையில் அழுத பிள்ளைகளும்

நான் பேறு பார்த்த பிள்ளைகளின் கழுத்தெலும்பு எல்லாம் இடம் மாறியிருக்கிறது என்று ஒரு மனிதர் சொன்னார். என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. முந்தலில் ஒரு தென்னந்தோட்டப் பங்களாவின் விறாந்தையில் உட்கார்ந்து, வருகிற தாய்மாரிடமெல்லாம் சொன்னார். அந்தப் பேச்சை நம்பி ஒரு பெண் சாகக் கிடந்தாள். இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் எனக்கு மனம் ஆறவில்லை.

வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசிக் காலம் அது. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது, அரிசிக்குக் கூப்பன் வந்திருந்தது. நான் கொழும்பில் மருத்துவச்சி வேலைக்கான மிட்வைஃப் ரெயினிங் முடித்து, முந்தலுக்கும் மதுரங்குளிக்கும் இடைப்பட்ட ஊர்களுக்கு நியமனம் பெற்று வந்திருந்தேன். சனம் என்னை ‘மிஸி’ என்று கூப்பிடும். பிள்ளை பிறந்த வீடுகளுக்குச் சில கிழமைகள் தொடர்ந்து போய்ப் பார்ப்பதும் என் வேலை.

முதலாளி வீட்டுப் பேரன்

முந்தலில் பெரிய தென்னந்தோட்டம் வைத்திருந்த மனுவேல் முதலாளியின் பேரனுக்கு நான்தான் பேறு பார்த்தேன். நல்ல திடமான பிள்ளை. மூன்றாம் கிழமையில் மாலை நேரத்து அழுகை தொடங்கியது. பொழுது சாய்ந்ததும் முகம் சிவந்து, காலை மடக்கி, மூச்சு அடைக்கிற மாதிரி அழும். பால் கொடுத்தாலும் நிற்காது, தோளில் போட்டாலும் நிற்காது. எங்களுக்கு ரெயினிங்கில் இதைக் கொலிக் என்று சொல்லித் தந்தார்கள். ஏன் வருகிறதென்று சொல்லித் தர ஒருவரிடமும் பதில் இல்லை. மூன்று மாதமளவில் தானாகவே போய்விடும் என்பது மட்டும் தெரியும். அதைத்தான் நான் அந்த வீட்டில் சொன்னேன்.

“மூண்டு மாசம் கேட்டுக்கொண்டு இருக்கிறதே? நீர் என்ன மிஸி, மருந்து தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லும்” என்றார் முதலாளி.

பிறகு கொழும்பிலிருந்து காரில் அவருடைய நண்பர் ஒருவர் வந்தார். அமெரிக்காவில் கைரோபிரக்டிக் என்ற முதுகெலும்பு வைத்தியம் படித்தவராம். வெள்ளைக் கோட்டும் சூட்டும் போட்டிருந்ததால் சனம் அவருக்கு ‘எலும்புத் துரை’ என்று பெயர் வைத்துவிட்டது. நல்ல தமிழ்தான் பேசினார். அவர் பேரனைக் காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, முதுகில் தட்டி, கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பினார். அழுது அழுது களைத்த பிள்ளை தூங்கிப்போனது. அப்போது அதற்கு மூன்று மாதம் ஆகப்போகிறது. சில நாளில் மாலை அழுகையும் நின்றது. பேர் துரைக்குப் போனது.

முதலாளி தன் விறாந்தையையே அவருக்குக் கொடுத்தார். மதுரங்குளியிலிருந்தும் கரையோரக் குடிசைகளிலிருந்தும் தாய்மார் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வந்த பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லாரும் நான் பேறு பார்த்தவர்கள். துரை ஒவ்வொரு கழுத்தையும் தடவிப் பார்த்து ஒரே கதையைச் சொன்னார்:

“பிறக்கேக்க தலையைப் பிடிச்சு இழுத்திருக்கினம். எலும்பு நகர்ந்திட்டுது. அதுதான் நித்திரை இல்லை.”

அந்த ஊர்களில் தலையைப் பிடிக்க வேறு யார் இருந்தார்கள்? என்னைத்தான் சொல்கிறார் என்று எல்லாருக்கும் விளங்கியது.

நான் எங்கள் மெடிக்கல் ஒபிசரிடம் போய் முறையிட்டேன். பிறந்து ஒரு மாதம் ஆகாத பிள்ளையின் கழுத்தைத் திருகுகிறார், ஒரு நாள் ஏதாவது நடந்துவிடும் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

“அவர் முதலாளியிட விருந்தாளி. ஒருத்தரும் வந்து முறைப்பாடு சொல்லேல்லையே. நீர் உம்மட வேலையைப் பாரும்.”

என் வேலை எதுவென்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை போலும்.

காசிம் வந்தான்

மெல்ல மெல்ல என்னைக் கூப்பிடுவது குறைந்தது. முன்பு எட்டாம் மாதத்திலேயே ஆள் அனுப்பிச் சொல்லி வைத்த வீடுகள், என்னைக் கண்டால் கதவடியில் நின்று சிரித்துவிட்டு உள்ளே போய்விடும்.

மதுரங்குளியில் காசிம் என்று ஒருவன் உப்பளத்தில் வேலை செய்தான். அவனுடைய மனைவி ஸைனம்புவுக்கு அது முதல் பிள்ளை. ஒரு நாள் மத்தியானம் அவன் சைக்கிளைப் போட்டுவிட்டு என் வாசலில் வந்து நின்றான். வேர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

“மிஸி, புள்ள பொறந்திட்டு. ரத்தம் நிக்குதில்ல.”

“ஏன் முந்தியே கூப்பிடேல்லை?”

“உம்மா வேணாமெண்டு செல்லிட்டாங்க. இப்பவும் அவங்களுக்குத் தெரியாமத்தான் வந்த.”

அவனுடைய சைக்கிளிலேயே பின்னால் ஏறிப் போனேன். குடிசைக்குள் பாய் முழுக்க இரத்தம். இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி, இன்னும் வெளியே வந்திருக்கவில்லை. ஸைனம்புவின் உதடு வெளுத்துப்போயிருந்தது. அடிவயிற்றில் கையை வைத்துக் கர்ப்பப்பை இறுகும்வரை தேய்த்தேன். கொடி வந்த பிறகு, இரத்தத்தை நிறுத்தும் எர்கட் மருந்து கொடுத்தேன். காலை உயர்த்தி வைத்து, அவளுடைய கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இரத்தம் நின்றது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என் கையில் ஒன்றும் இருந்திராது.

கண்ணைத் திறந்ததும் அவள் மெல்லிய குரலில் சொன்னாள்:

“கோவிச்சுக்காதீங்க மிஸி. உங்கள கூப்புட்டா புள்ளட கழுத்து முறிஞ்சிடுமெண்டு எல்லாரும் செல்றாங்க.”

அவளோடு எனக்கு என்ன கோபம்? வெளியே வந்து கிணற்றடியில் கை கழுவும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. துக்கம் அல்ல, ஆத்திரம். அந்தக் கோட்டுக்காரர் இந்நேரம் முதலாளி வீட்டு மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன்.

விறாந்தையில்

அந்தப் பிள்ளைக்கும் மூன்றாம் கிழமையில் அழுகை தொடங்கியது. காசிமின் உம்மா துரையிடம் கொண்டுபோயே ஆகவேண்டும் என்று நின்றார். ஸைனம்பு எனக்குச் சொல்லி அனுப்பினாள்: “நீங்களும் வாங்க மிஸி, எனக்குப் பயமா ஈக்கி.” போனேன்.

காலை நேரம். காசிமும் ஸைனம்புவும் பிள்ளையோடு முன்னால் இருந்தார்கள். விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு தாய்மார் இருந்தார்கள். துரை பிள்ளையை வாங்கினார். கழுத்தின் பின்பக்கம் விரலை வைத்தார். என்னை அவர் முன்னே பின்னே பார்த்ததில்லை.

“இழுத்த இழுவையில எலும்பு நகர்ந்திருக்கு. ஆர் பார்த்த பேறு?”

“ஒருத்தரும் பாக்கல்ல தொர” என்றான் காசிம்.

“அதெப்படி?”

“புள்ள தானா வந்திச்சி. பொறகுதான் நான் பொயித்து மிஸிய கூட்டிட்டு வந்த. ஒருத்தர்ர கையும் அதுட தலையில படல்ல.”

துரை பிள்ளையின் கழுத்தில் இன்னொரு தரம் விரலை வைத்தார். “அதுதான். பிடிக்க ஆளில்லாமப் பிறந்ததால நகர்ந்திருக்கு” என்றார்.

காசிம் முரட்டு ஆள் இல்லை. மெதுவாகத்தான் கேட்டான்:

“இழுத்தாலும் நகருது, இழுக்காட்டியும் நகருது. அப்ப நகராத புள்ள எங்கயாச்சும் ஈக்கா தொர?”

பின்வரிசையில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். துரை பிள்ளையின் காலைப் பிடித்துத் தூக்கப் போனார். ஸைனம்பு எழுந்து பிள்ளையை அவருடைய கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு முதலாளி உள்ளேயிருந்து வந்தார்.

“மிஸி, நீர்தானே இவங்களைக் கதை சொல்லிக் கூட்டி வந்தது?”

“இல்லை முதலாளி. என்னைக் கூப்பிட வேண்டாமெண்டு கதை சொன்னது உங்கட விருந்தாளி. அதைக் கேட்டு இந்தத் தாய் ரத்தம் போய்க் கிடந்தவ. செத்திருந்தா நீங்கள் ரெண்டு பேரும் அந்த வீட்டுக்கு என்ன பதில் சொல்லியிருப்பியள்?”

“அது அவங்கட விதி.”

அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. சில தாய்மார் எழுந்து போனார்கள். எல்லாரும் போனார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். பாதிப்பேர் அங்கேயே இருந்தார்கள். நாள்கணக்காக நித்திரை இல்லாத தாய்க்கு நம்புவதற்கு ஏதாவது வேண்டும். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

அதற்குப் பிறகு

துரையை ஒருவரும் விசாரிக்கவில்லை. என்னைத்தான் விசாரித்தார்கள். பெரிய மனிதர் வீட்டில் மரியாதையில்லாமல் கதைத்தேன் என்று மெடிக்கல் ஒபிசர் கூப்பிட்டு எச்சரித்தார். போய் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். நான் போகவில்லை. இடமாற்றம் வரும் என்றார்கள், வந்தது. அதற்குள் பெற்றோல் கட்டுப்பாடு இறுகி, துரையும் காரோடு கொழும்புக்குப் போய்விட்டார். அங்கே யாருடைய கழுத்தைத் திருப்பினாரோ தெரியாது.

ஸைனம்புவின் பிள்ளை மேலும் சில கிழமைகள் அழுதது. நான் இடம் மாறும்வரை முடிந்த மாலைகளில் போய் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். அந்த நேரத்தில் அவள் படுத்துக்கொள்வாள். பிறகு ஒரு மாலை அது அழவில்லை. அதற்கு ஒருவரும் வைத்தியம் ஒன்றும் செய்யவில்லை.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பேறுக்கு முன்பே தாயிடம் சொல்லிவிடுங்கள்: பிள்ளை மாலையில் அழக்கூடும், பாலில் குறையில்லை, எலும்பில் குறையில்லை, உன்னிலும் குறையில்லை. காய்ச்சல், வாந்தி, பால் குடிக்காமை, வீக்கம் என்று ஏதாவது கண்டால் ஒரு மணித்தியாலமும் பார்த்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். இடம் மாறிப் போன பிறகு, முந்திக்கொண்டு நான் இதை வீடு வீடாகச் சொல்லியிருந்த ஊர்களில் எந்தத் துரைக்கும் விறாந்தை நிறையவில்லை.

பிள்ளை ஏன் அழுகிறது என்று கேட்க ஊரே வரும். நீ நித்திரை கொண்டாயா, ஒரு வாய் சாப்பிட்டாயா என்று தாயைக் கேட்க ஒருவரும் வரமாட்டார்கள். நீங்கள் போய்க் கேளுங்கள்.