இன்னும் செல்லுமா? வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை

கொட்டாஞ்சேனையில் என் நண்பன் யூட் மொழிபெயர்ப்பு அலுவலகம் நடத்துகிறான். ஆட்களின் சத்தியக்கடதாசிகளைக் கணினியில் பூட்டிய கோப்புறைக்குள் வைத்திருக்கிறான். அதைத் திறந்தால் ஆமை வேகம். குற்றவாளி இயங்குதளத்தின் கேர்னல், எல்லாவற்றையும் அடியிலிருந்து நடத்தும் கருநிரல். ஒரு கோப்பின் பெயர் கணினியின் நினைவில் இருந்தாலும், ஒவ்வொரு தடவையும் அது இன்னும் செல்லுமா என்று சோதித்துவிட்டுத்தான் விடும். அதேமாதிரிப் பூட்டிய கோப்புறை உள்ள என் மடிக்கணினியில் அந்தச் சோதனையை அடியோடு வெட்டியெறிந்தேன். பறந்தது. அதைக் காட்டத்தான் போன சனிக்கிழமை புறப்பட்டேன்.

காலி வீதியால் புறக்கோட்டைக்கு பஸ்ஸில் எட்டுக் கிலோமீற்றர்தான். ஒரு மணித்தியாலம் பிடித்தது. பாதி நேரம் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறவே போய்விட்டது. அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, கொழும்புக்கு வந்த காரணம். ஐந்து வருடமாக ஒரே அறையில் இருக்கிறவனிடம் நேற்றுக் கேட்டதையே இன்றைக்கும் கேட்டால் பற்றிக்கொண்டு வராதா?

புறக்கோட்டையில் ஓட்டோ பிடித்தேன். பேரம் பேசி நூற்றைம்பது ரூபாய். கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும் சந்தியில் மறித்து, மடிக்கணினியைத் திறக்கச் சொன்னார் ஒரு காவலர். கோப்புறை பூட்டியிருந்தது. பூட்டியிருக்கும்போது பெயர்களெல்லாம் எழுத்தும் இலக்கமுமாகக் குழம்பித்தான் தெரியும். இரகசியக் குறியா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை, பாருங்கள் என்று கடவுச்சொல்லைப் போட்டேன். பெயர்கள் அசையவில்லை. கடவுச்சொல் என்ற திறப்புக் கிடைத்ததும் குழம்பிய பழைய பெயர்களைத் தூக்கியெறியச் சொல்வது நான் வெட்டிய அதே சோதனைதான். அவர் கண்ணுக்கு நான் பொய்யன். ஜீப்பைக் கூப்பிடும்படி கூட நின்றவரிடம் சொன்னார். எனக்குப் பயமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

ஓட்டோக்கார அண்ணன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "தம்பி, கோவத்த முகத்துல காட்டாம கதைங்க. ஜீப் வந்தா நானும்தான் போகணும்."

கணினியை ஒருமுறை நிறுத்திப் போட அனுமதி கேட்டேன். நினைவில் கிடந்த குப்பை அழிந்தது. இந்தமுறை கோப்புறையைப் பார்க்குமுன்பே கடவுச்சொல்லைப் போட்டேன்; அக்காவின் கலியாணப் படங்கள் சொந்தப் பெயரோடு வந்தன. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று விசாரித்தார். என் பெயரை எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டு போகவிட்டார்.

யூட்டின் மேசையில் இருந்து சோதனையைத் திரும்பப் போட்டேன், ஆனால் அளவோடு. திறப்பில்லாமல் நினைவில் ஏறிய பெயரை மட்டும் கேர்னல் கேள்வி கேட்கும். திறப்போடு வாசித்த பெயரை மறுபடி தொந்தரவு செய்யாது. வேகமும் குறையவில்லை. கேர்னலுக்கு இதை விளங்கவைக்க ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் மடிக்கணினியை முழுதாக நிறுத்திவிட்டே கொண்டுவாருங்கள். ஓட்டோ வாடகையை முதலே பேசுங்கள். திரும்பிப் போகவும் அதே அளவு நேரம் ஒதுக்குங்கள். நான் திரும்பியபோது அதே சந்தி, அதே காவலர். என் அத்தானின் உத்தியோகம் வரை தெரிந்த மனிதர். கையை நீட்டி, பெயர் என்ன என்று கேட்டார்.