இரண்டு விரல் இடைவெளி

எண்பதுகளின் நடுவில், மழைக்காலம் ஓயும் நேரம். மலேசியாவின் கேமரன் மலையில் பிரிஞ்சாங் ஊரைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இது நடந்தது. அப்போது எனக்கு இருபத்தேழு வயது இருக்கும். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவன். லுமுட்டில் மீன்படகு எஞ்சின், குவாந்தான் பக்கம் மர லோரி, கோலா தெர்லாவில் காய்கறி லோரி என்று கிடைத்த வேலையைச் செய்துகொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தேன். எந்த இடத்திலும் ஒரு வருடம் முழுதாக இருந்தது கிடையாது. செய்த வேலையில் கோளாறு வந்து பேச்சு கேட்க வேண்டிவரும் என்று தெரிந்தால், அதற்கு முன்பே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன்.

தோட்டத்து ஆலையை ஒட்டிய பட்டறையில் எனக்கு நாள்கூலி வேலை. ஆலையில் சூளைக்கு விறகு போடும் அண்ணன் ஒருவர் பழைய ஜப்பான் கார் ஒன்று வைத்திருந்தார். முன்சக்கரம் இழுக்கும் வகை. இரண்டாவது கியர் போட்டால் நிற்காமல் தெறித்துக்கொண்டு வந்தது. மேட்டில் கார் நின்று நின்று ஏறியது.

அவருக்கு அந்தக் கார் அவசரமாகத் தேவைப்பட்டது. அவர் மனைவி அதே ஆலையில் தேயிலைத் தூளில் கலந்து வரும் குச்சியையும் நாரையும் பொறுக்கும் வேலை செய்தார். ஒரு கண்ணில் புரை விழுந்து, அடுத்த கண்ணிலும் மங்கல் தொடங்கியிருந்தது. கண் சரியாகாவிட்டால் அந்த வேலை இல்லை, மலையில் கொளுந்து பறிக்கத்தான் போகவேண்டும் என்று வேலை பிரித்துக் கொடுக்கும் கிராணி சொல்லிவிட்டார். செங்குத்தான சரிவில் கண் தெரியாமல் பறிப்பது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மலைக்குக் கீழே ஈப்போ டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் பல மாதம் காத்திருந்து ஆபரேஷனுக்கு நாள் வாங்கியிருந்தார்கள். வியாழக்கிழமை, பதினோரு மணி.

முன்சக்கரம் இழுக்கும் காரின் கியர்பாக்ஸை நான் அதுவரை பிரித்ததில்லை. ஆனால் சொல்லவில்லை. "லோரி கியர்பாக்ஸையே பிரிச்சுப் போட்டவன்ணே, இது என்ன, சும்மா லா" என்றேன். அவர் நம்பினார்.

கியர்பாக்ஸ் வேலை நன்றாகவே வந்தது. தேய்ந்த பல்சக்கரத்தை மாற்றி, எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டினேன். வினை வந்தது கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் இரும்புத் தண்டில், ஆக்ஸிலில். லோரியில் ஆக்ஸிலை நட்டுப் போட்டு முடுக்கிவிடுவோம். இந்தக் காரில் நட்டு கிடையாது. ஆக்ஸிலின் நுனியில் வாய் திறந்த ஒரு சின்னக் கம்பி வளையம் இருக்கும். ஆக்ஸிலை கியர்பாக்ஸுக்குள் தள்ளும்போது அந்த வளையம் சுருங்கி, உள்ளே போனதும் விரிந்து 'டக்'கென்று பிடித்துக்கொள்ளும். பிடிப்பு அவ்வளவுதான். வலது பக்கத்து வளையம் கழற்றும்போதே உடைந்துவிட்டது.

எங்கள் பட்டறையில் எதையும் தூக்கிப் போடமாட்டோம். மிச்சமாகும் வளையம், நட்டு, வாஷர் எல்லாம் ஒரு பால்மாவு டின்னுக்குள் போகும். தேவைப்பட்டால் டின்னைக் கொட்டி, கையில் பொருந்துவதை எடுப்போம். அப்படி ஒன்றை எடுத்து மாட்டினேன். ஆக்ஸில் உள்ளே போக மறுத்தது. கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டினேன். 'டக்' கேட்டதா என்றால், பக்கத்தில் கொளுந்தை உருட்டும் ரோலர் மெஷின்கள் ஆறும் ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் எது கேட்கும்? கேட்டிருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வலது சக்கரத்துக்குக் கீழே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு எண்ணெய். எண்ணெயைத் தடுக்கும் ரப்பர், ஆயில் சீல், போய்விட்டது என்றேன். ஈப்போ போகும் காய்கறி லோரிக்காரரிடம் சொல்லிவிட்டுப் புது சீல் வரவழைத்து மாற்றினேன். மறுபடியும் எண்ணெய். "கடைக்காரன் மட்டமான சாமானைத் தலையில கட்டிட்டான்" என்று திட்டிவிட்டு இன்னொரு சீல் வரவழைத்தேன். அந்தப் பொட்டலத்தில் கடைக்காரர் ஒரு புது வளையத்தையும் போட்டு அனுப்பியிருந்தார். எனக்கெதற்கு அது என்று பொட்டலத்திலேயே விட்டுவிட்டேன். இப்போது எண்ணெய் சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்தது. புதன்கிழமை மாலையாகிவிட்டது. எண்ணெயை நிரப்பி, "போய்ட்டு வரத் தாங்கும்" என்று சொல்லிவிட்டேன்.

அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டு வந்த அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காருக்குக் கீழே குனிந்தார். அவர் பார்க்கவில்லை. கையை விட்டுத் தடவினார். இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம்.

"தம்பி, அந்தப் பக்கம் இரும்புக்கும் பெட்டிக்கும் நடுவுல ஒரு விரல்கூட நுழையல. இந்தப் பக்கம் ரெண்டு விரல் நுழையுதே. அப்படித்தான் இருக்குமா?"

பட்டறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"அக்கா, நீங்க மொதல்ல கண்ணைச் சரி பண்ணிட்டு வாங்க, அப்புறம் காரைப் பார்க்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன்கூடப் பாதி சிரித்தார். அக்கா கையில் பட்ட எண்ணெயைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ஆறு மணிக்கெல்லாம் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். நான் ஏழு மணிக்குப் பட்டறைக்குப் போனபோது ரோலர் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் பால்மாவு டின்னைக் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தார்.

"டேய், ரோலருக்குன்னு நாலு வளையம் போட்டு வெச்சிருந்தேன். மூணுதான் இருக்கு."

"நான்தான்ணே ஒண்ணு எடுத்தேன், சூளை அண்ணன் காருக்கு."

"காருக்கா? அது தடிப்பாச்சேடா. எப்படி உள்ள போச்சு?"

பொட்டலத்தில் கிடந்த புது வளையத்தை எடுத்து, அவர் கையில் இருந்த ரோலர் வளையத்தின் பக்கத்தில் வைத்தேன். காருடையது பாதித் தடிப்புதான் இருந்தது.

ஆக்ஸில் உள்ளே போய் உட்காரவே இல்லை. பாதியில் நெருக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. சீல் பிடிக்க வேண்டிய வழவழப்பான பாகம் சீலுக்கு வெளியே நின்றதால்தான் எண்ணெய் கசிந்திருக்கிறது. இரண்டு சீல்களிலும் ஒரு குறையும் இல்லை. அக்கா விரலால் அளந்து சொன்னது அதைத்தான். ஈப்போவுக்கு இறங்கும் தாப்பா ரோட்டில் ஏதாவது ஒரு வளைவில் ஆக்ஸில் கழன்றால் கியரின் பிடிப்பு அறுந்துவிடும். பிறகு அத்தனை இறக்கத்துக்கும் பிரேக் ஒன்றுதான். அதுவும் சூடேறிவிட்டால் ஒன்றும் இல்லை.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதலில் தோன்றியது பஸ்தான். அறைக்குப் போய்ப் பையை எடுத்தால் ஐந்து நிமிடம். ஆனால் அந்தப் பஸ்ஸும் அதே தாப்பா ரோட்டில்தான் போகும். எந்த வளைவில் எதைப் பார்க்க நேருமோ?

"அண்ணே, உங்க மோட்டாரைக் கொடுங்க."

"எங்கடா, ஓடிப் போகவா?"

"கார் பின்னால."

அவர் தன் மோட்டார் சைக்கிளின் சாவியைத் தூக்கிப் போட்டார். புது வளையம், ஸ்பானர்கள், ஜாக்கி, ஒரு போத்தல் கியர் எண்ணெய் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு மோட்டாரை விரட்டினேன். பிரிஞ்சாங், தானா ராத்தா வரைக்கும் ரோட்டில் எண்ணெய்த் தடம் ஒன்றும் தெரியவில்லை. ரிங்லெட்டில் டீக்கடை பாயைக் கேட்டேன். "இப்பத்தான் தம்பி, ரொட்டி சாப்பிட்டுட்டுக் கிளம்பினாங்க" என்றார். கடை வாசலில் கார் நின்ற இடத்தில் எண்ணெய்த் திட்டு இருந்தது. அங்கிருந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே போனேன். முதலில் புள்ளிகள். வளைவுக்கு வளைவு அவை நெருங்கி வந்தன. பிறகு ஒரே கோடு. ஓரிடத்தில் வாளியோடு ஊற்றியதுபோல் பெரிதாகக் கொட்டியிருந்தது. அதற்கப்புறம் கோடு இல்லை. இடது பக்கம் மலை, வலது பக்கம் பள்ளம். பள்ளத்தை எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த வளைவில் கார் நின்றிருந்தது. மூக்கு மலைச்சரிவின் புல்மண்ணில் புதைந்திருந்தது. சக்கரங்களிலிருந்து பிரேக் கருகிய நாற்றம். அக்கா ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தார்.

"பாவி, கியரே இல்லாமப் போச்சுடா! பிரேக்கை மிதிச்சு மிதிச்சுக் கால் வெலவெலத்துப் போச்சு. இவ எண்ணெ வாடை அடிக்குது, அடிக்குதுன்னு கிளம்பினதுல இருந்தே சொல்லி, மலைப்பக்கமா ஒட்டியே ஓட்டச் சொன்னா. அதனால இங்க முட்டி நிறுத்தினேன். இல்லேன்னா?"

"அக்கா சொன்னது சரிண்ணே. வளையத்தை மாத்திப் போட்டுட்டேன். சீல் மேல பழியப் போட்டேன். தப்பு என்னுது."

அவர் கை தளர்ந்தது. அக்கா ஒன்றுதான் கேட்டார்.

"சரி பண்ண முடியுமா, முடியாதா?"

சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்து, ஜாக்கி போட்டு, ஆக்ஸிலை வெளியே இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. தடித்த வளையத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, புது வளையத்தைக் கிரீஸ் தடவி நடுவில் நிற்க வைத்து உள்ளே தள்ளினேன். சுத்தியல் தேவைப்படவில்லை. அந்தக் காட்டு ரோட்டில் 'டக்' என்ற சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது. பிடித்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. எண்ணெயை ஊற்றினேன்.

"அக்கா, நீங்க ஒரு தடவ பாருங்க" என்றேன்.

அவர் கல்லிலிருந்து எழுந்து வந்து, குனிந்து, இரண்டு பக்கமும் விரலை வைத்தார். அவசரப்படவே இல்லை. "இப்ப ஒண்ணு போலத்தான் இருக்கு" என்றார்.

பிரேக் ஆறியதும் கிளம்பினார்கள். ஈப்போ போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. அக்காவின் முறை போய்விட்டது. மூன்று மாதம் தள்ளித்தான் வேறு நாள் கொடுத்தார்கள்.

கிராணி சொன்னபடியே செய்தார். அக்கா கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார். ஒரு நாள் வடிகாலில் கால் தவறி விழுந்து முழங்கையைக் கிழித்துக்கொண்டு வந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்து நிரையில் பறிப்பவர்களிடம் மட்டும், "எங்க காரு கண்ணுக்கு முந்திக் குணமாயிடுச்சு" என்று சொல்லிச் சிரிப்பாராம். அந்த மூன்று மாதமும் நான் எங்கும் போகவில்லை. அடுத்த தடவை அவர்கள் ஈப்போ போனபோது பின்சீட்டில் நானும் உட்கார்ந்துகொண்டேன். யாரும் கூப்பிடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அவர் தூள் பொறுக்கும் வேலைக்குத் திரும்பிய பிறகுதான் நான் வேறு ஊருக்குப் போனேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ வண்டிகளைப் பிரித்துப் பூட்டிவிட்டேன். வண்டிக்காரர் என்ன கேட்டாலும், விவரம் தெரியாமலே கேட்டாலும், ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பார்க்கிறேன். ஆனாலும், அந்த அக்கா மங்கிய கண்ணோடு சரிவில் ஏறி இறங்கிய மூன்று மாதத்தை என்னால் எந்த வேலையைக் கொண்டும் திருப்பித் தர முடியவில்லை.