நொண்ட வேண்டியது வலது கால்

எங்கள் வீட்டு அலமாரி மேல் மூன்று மிக்சிகள் இருக்கின்றன. மூன்றும் பெட்டிகூடப் பிரிக்காதவை. கீழே அடுப்படியில் ஒரு பழைய மிக்சி இருக்கிறது. அது கத்துகிற கத்தலில் தெரு நாய்கள் பதில் சொல்லும். அம்மா அதில்தான் அரைப்பாள். கேட்டால், "ஏமாத்தி வாங்கியாந்ததுல அரைச்சா சட்னி ஊசிப்போகுஞ் சாமி" என்பாள்.

ஏமாற்றித்தான் வாங்கினேன். அந்தக் கதைதான் இது.

நான் பத்தாவதை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கணக்கு வாத்தியாரைச் சிரிக்க வைத்தவன். இப்போது நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பெயின்டர். சாயங்காலமானால் ஷட்டில். பழைய கோழித்தீவன குடோனில் கோடு போட்டு, விளக்கு மாட்டிய கோர்ட். அங்கே எனக்கு ஜோடி ஒரு லாரி டிரைவர். மாமா என்று கூப்பிடுவேன். உறவு ஒன்றும் கிடையாது, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அவ்வளவுதான். நிஜ மாமாவாக இருந்திருந்தால் நான் செய்த கிண்டலுக்கு என்றைக்கோ செருப்பால் அடித்திருப்பார்.

இரண்டு பேரும் ஆறு வருடமாக ஆடுகிறோம். நன்றாகவே ஆடுவோம். ஆனால் நன்றாக ஆடுகிறவர்களின் பிரிவில் இறங்கினால் கல்லூரிப் பையன்கள் வந்து எங்களைத் துவைத்துக் காயப்போட்டுவிடுவார்கள். அதற்குக் கீழே 'பிகினர்ஸ்' என்று ஒரு பிரிவு உண்டு. புதிதாக மட்டையைப் பிடித்தவர்களுக்கானது. முதல் பரிசு ஆளுக்கொரு மிக்சி. பெயர் கொடுக்கும்போது, 'இதற்கு முன் பரிசு வாங்கியது உண்டா?' என்று ஒரு கேள்வி இருக்கும். இல்லை என்று எழுத ஒரு பேனா போதும்.

அதற்கு மேல் நடிப்பு வேண்டும். நடிப்புக்கு நான் சட்டம் போட்டேன். உள்ளூரில் ஆடக்கூடாது. பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்கக்கூடாது, இருபத்தொன்றுக்குப் பத்தொன்பது போதும். நல்ல ஷூ பையிலேயே இருக்க வேண்டும், காலில் தேய்ந்துபோன கேன்வாஸ். ஆட்டத்துக்கு முன்னால் கையையும் காலையும் நீட்டி மடக்கக்கூடாது, கத்துக்குட்டி எவனும் அதைச் செய்ய மாட்டான். கடைசியாக, மாமா வலது காலை நொண்ட வேண்டும். நொண்டிக்கொண்டு நிற்கிறவரை எதிராளி குறிவைத்து அடிப்பான். அடிக்கிற பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன ஆட்டம்?

திருச்செங்கோட்டில் நொண்டினார், ஒரு மிக்சி. மோகனூரில் நொண்டினார், இன்னொன்று. ராசிபுரத்தில் ஒரு படி மேலே போய்த் தரையில் விழுந்து உருண்டார். எதிரணிக்காரரே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு எழுந்து அவரையே ஜெயித்தோம்.

போன வருடம் பரமத்தி வேலூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி. அந்த வாரம் மாமாவுக்கு வேறொரு சந்தோஷமும் இருந்தது. அவருடைய முதலாளி வாங்கிய புது லாரிக்கு எங்கள் பட்டறையில்தான் பாடி கட்டினோம். வியாழக்கிழமை அமாவாசை. அன்றைக்குப் பூஜை போட்டுச் சாவியை மாமா கையில் கொடுப்பதாகப் பேச்சு. பதினோரு வருடமாக மற்றவர்கள் ஓட்டித் தேய்த்த வண்டியை ஓட்டினவருக்கு முதல் முறையாகப் புது வண்டி.

"பின்னாடி கதவுல ஒரு கிளி போட்டுடு மாப்ள. பாப்பா கேட்டுது" என்றார்.

"உங்க பாப்பாவுக்கா, உங்களுக்கா?"

"போடுடான்னா போடேன்."

போட்டேன். பச்சைக் கிளி, சிவப்பு மூக்கு.

சனிக்கிழமைதான் அவர் நாக்பூர் லோடு இறக்கிவிட்டு வந்திருந்தார். இரண்டு நாள் கிளட்ச் மிதித்த கால். வேலூர் கோர்ட்டுக்குப் போனதும் படிக்கட்டில் இடது பாதத்தை வைத்து நீட்டப் பார்த்தார். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"எறங்குங்க மாமா. கத்துக்குட்டி எவனாச்சும் இப்படிக் காலை நீட்டிட்டு நிப்பானா? பாக்கறாங்க பாருங்க."

"புடிச்சுக்கிச்சுடா. ஒரு நிமிசம்."

"மேட்ச்சுல ஓடுனா தன்னால உட்டுப்போகும்."

இறங்கி வந்துவிட்டார். நல்ல ஷூ பையில் இருந்தது.

அரையிறுதியில் பாதி ஆட்டம் போனபோது கவனித்தேன், மாமா நொண்டிக்கொண்டிருந்தார். ஆனால் இடது காலை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சர்வீஸ் போடுகிற சாக்கில் கிட்டே போய்க் காதில் சொன்னேன்: "மாமா, கால் மாறிப்போச்சு. நொண்ட வேண்டியது வலது காலு."

"இது நெசமா வலிக்குது மாப்ள."

"ஆகா! வசனமெல்லாம் அருமை. ஆனா காலை மாத்துங்க, எவனாச்சும் கண்டுபுடிச்சிரப் போறான்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வலது காலை நொண்ட ஆரம்பித்தார். அதாவது, வலிக்கிற காலில் மொத்த எடையையும் போட்டு, வலிக்காத காலை இழுத்து நடந்தார். நான் சொன்னேன் என்பதற்காக.

இறுதி ஆட்டத்தில் எதிரே ஒரு வெற்றிலை மண்டிக்காரரும் அவருடைய தங்கச்சி மாப்பிள்ளையும். நிஜமாகவே கத்துக்குட்டிகள். மட்டையைச் சாப்பாட்டுக் கரண்டி மாதிரிப் பிடித்திருந்தார்கள். முதல் செட்டை விட்டுக்கொடுத்தோம். இரண்டாவதை எடுத்தோம். மூன்றாவதில் பதினான்குக்குப் பதினான்கு. பின்கோட்டுக்கு உயரமாக ஒரு பந்து போனது. மாமா பின்னால் போய், இடது காலை ஊன்றி எம்பினார்.

டப் என்று ஒரு சத்தம். மட்டை நரம்பு அறுந்த சத்தம் என்று நினைத்தேன்.

மாமா உட்கார்ந்திருந்தார். திரும்பி என்னைப் பார்த்து, "ஏன் மாப்ள பின்னாலருந்து என் கால்ல அடிச்ச?" என்று கேட்டார்.

நான் ஆறடி தள்ளி நின்றிருந்தேன்.

அப்போதும் நான் என்ன செய்தேன்? கைதட்டினேன். "எந்திரிங்க மாமா, இது கொஞ்சம் ஓவரு" என்றேன். மண்டிக்காரர் வலைக்கு அடியில் குனிந்து வரப் பார்த்தார். கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"கிட்ட போவாதீங்க! ராசிபுரத்துலயும் இந்தாளு இப்படித்தான் உழுந்தான். தண்ணி குடுத்தவனையே எந்திரிச்சு ஜெயிச்சுட்டுப் போனான். நான் பாத்தேன்."

மண்டிக்காரர் நின்றார். நடுவர் கையைக் கட்டிக்கொண்டார். சிலர் சிரித்தார்கள். மாமா எழ முயன்று இடது பாதத்தை ஊன்றினார். பாதம் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. ஈரத் துணி மாதிரித் தொங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரைத் தோளில் போட்டுக்கொண்டு நானே வாசலுக்கு வந்தேன். ஒருவரும் கதவைத் திறந்துவிடக்கூட வரவில்லை. "மிக்சி வாங்காம போறீங்களே" என்று மட்டும் ஒருவன் கேட்டான்.

நாமக்கல்லில் டாக்டர் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார். குதிகாலுக்கு மேலே இருக்கும் நரம்பு முழுசாக அறுந்துவிட்டது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், பல மாதம் கிளட்ச் மிதிக்கவே கூடாது என்றார். மாமா தலையாட்டினார். வெளியே வந்ததும் என் சட்டையைப் பிடித்தார்.

"அமாவாசை முடியட்டும். சாவி கைக்கு வந்துட்டா அப்பறம் லீவு கேட்டுக்கலாம். ஊட்டுல, மொதலாளிகிட்ட, எல்லாருகிட்டயும் சுளுக்குன்னுதான் சொல்லணும். புரியுதா?"

புரிந்தது. எதையும் குறைத்துச் சொல்ல எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை டீக்கடையில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். "என்னடா, உன்ற ஜோடி ரெண்டு நாளா காணோம்?" என்று கேட்டார்கள். சுளுக்கு என்று சொன்னால் நம்ப வேண்டுமே. அதனால் சிரிப்பாக ஆக்கிச் சொன்னேன். வலதுகால், இடதுகால், காதில் சொன்னது, எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். கடை மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

புதன்கிழமை மாமாவின் முதலாளி பட்டறைக்கு வந்தார். மாமாவும் வந்தார். பேன்ட்டுக்குள் இறுக்கமாகக் கட்டு, முகத்தில் சிரிப்பு.

"எடுத்து வெளிய நிறுத்துடா, பாக்கலாம்" என்றார் முதலாளி.

மாமா கம்பியைப் பிடித்து, கையாலேயே தொங்கி மேலே ஏறினார். வண்டி ஸ்டார்ட் ஆனது. தொடையால் கிளட்சை அழுத்தியிருப்பார் போல. ரிவர்ஸ் கியர் விழுந்தது. அடுத்த நொடி பாதம் நழுவி, வண்டி ஒரு குதி குதித்துப் பின்னால் போய்த் தூணில் இடித்தது. கிளி இருந்த கதவு நடுவில் மடங்கியது.

"எறங்குடா கீழ! காலையிலயே குடிச்சிட்டியா?"

"இல்லைங்க... காலுங்க. காலு வரமாட்டீங்குதுங்க."

"எந்தக் காலு? வலதா, எடதா? ஊரே சொல்லிச் சிரிக்குது. என்றகிட்டயும் நடிக்கறயா?"

நான் ஓடினேன். "நெசமாத்தானுங்க. நரம்பு அறுந்துபோச்சுங்க. டாக்டரே சொன்னாருங்க" என்றேன்.

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்தக் கதையை டீக்கடையில சொன்னவனே நீதானடா."

மாமா கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

அமாவாசைக்குச் சாவி வேறொரு டிரைவர் கைக்குப் போனது. கதவைத் தட்டி நிமிர்த்திக் கிளியைத் திரும்ப வரைந்தது நான்தான். கோபத்திலோ பயத்திலோ மாமா ஆபரேஷனுக்குப் போகாமல் நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டுக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, நரம்பு மேலே சுருங்கிப்போய்விட்டது, இனி பழையபடி வராது என்று சொல்லிவிட்டார்கள். இடது கெண்டைக்கால் இப்போது என் முன்கை அளவுதான் இருக்கிறது. ஓர் எடைமேடையில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஓட்டிவரும் லாரிகளுக்குச் சீட்டு எழுதுகிறார்.

சாயங்காலம் வேலை முடிந்து டீக்கடை வழியாகத்தான் போவார். பெஞ்சில் இருந்து எவனாவது கத்துவான்:

"எந்தக் காலுங்க இன்னிக்கி?"

மாமா நிற்க மாட்டார். இடது தொடையில் ஒரு தட்டுத் தட்டிக் காட்டிவிட்டுப் போவார். எல்லோரும் சிரிப்பார்கள். முதல் ஒரு மாதம் நான் சண்டைக்குப் போனேன். "நீ சொன்னதுதானடா" என்றார்கள். இப்போதெல்லாம் அந்த நேரத்தில் நான் டீ குடிக்கப் போவதில்லை.