நுனியில் சிவந்த விளக்கு

புலம்பெயர்ந்து வந்து வெக்ஸ்போர்ட்டில் டாக்ஸி ஓட்டிய தியாகலிங்கம் நாளுக்கு இரண்டு பெட்டி சிகரெட்டை ஊதித் தள்ளுகிறவர். 2009 மே மாதம் போர் முடிந்தும், வன்னியிலிருந்த தம்பி பிரியந்தனைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. அவன் உயிரோடு திரும்பட்டும் என்று நேர்ந்து சிகரெட்டை விட்டார். கைகொடுத்தது சீனக் கடையில் வாங்கிய மின்சிகரெட். அதற்கு நெருப்பில்லை, சாம்பலில்லை. யாராவது இழுத்தால் மட்டும் நுனியில் சிவப்பு விளக்கு எரியும்.

போர் முடிந்த முப்பத்தோராம் நாள் மத்தியானம், அவன் செத்திருப்பான் என்றே எண்ணிய மனைவி ஜெயமலர், செத்தவருக்குச் செய்யும் முப்பத்தோராம் நாள் முறைப்படி தம்பியின் படத்துக்குப் படையல் வைத்தாள். செத்தவருக்குப் பிடித்த எதுவும் விடுபடக் கூடாதாம். பிரியந்தனும் சிகரெட் பிடிப்பவன்; வீட்டில் சிகரெட் இல்லாததால் மின்சிகரெட்டை வைத்தாள்.

"உயிரோட இருக்கிறவனுக்கு ஏனப்பா படைக்கிறாய்?"

"இருந்தால் தொடமாட்டான்தானே. சும்மா இருங்கோ."

அவர் சும்மா இருக்கவில்லை. அதைப் பல்கனிக்குக் கொண்டுபோய், சார்ஜ் தீர்ந்து விளக்கு செத்துப்போகும்வரை இழுத்துவிட்டுத்தான் திரும்ப வைத்தார்.

செத்தவர் வந்து உண்ணட்டும் என்று வழக்கப்படி அறைக் கதவைச் சாத்தினார்கள். தியாகலிங்கம் இடுக்கால் எட்டிப் பார்த்தார். நுனி சிவந்தது. ஒரு மனிதன் மூச்சை உள்ளிழுக்கும் நேரம் எரிந்து அணைந்தது. மறுபடி சிவந்தது. படத்தின் கண்ணாடியில் வெள்ளையாய் ஆவி படர்ந்தது.

"என்னப்பா தெரியுது?" என்றாள் ஜெயமலர்.

"சோறு ஆறுது," என்றார்.

பிறகு சந்திக் கடைக்கு நடந்துபோய் ஒரு பெட்டி சிகரெட் வாங்கி வந்தார். ஒன்றைப் படத்தின் முன் எரிந்த குத்துவிளக்குச் சுடரில் பற்றவைத்துத் தம்பியின் முன் வைத்தார். தான் ஓர் இழுப்புக்கூட இழுக்கவில்லை.