ஐசக்கின் கடைசி இழுப்பு

இங்கிலாந்தின் கிரேட்லி ஹீத்தில் இரும்புச் சங்கிலி அடித்துப் பிழைத்தவர்களுக்கு இரண்டு மதம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், வியாழக்கிழமை பப்பின் பின்னறை. முதல் மதத்தில் சண்டை கிடையாது, தூக்கம்தான். இரண்டாவதில் இரண்டு கட்சி இருந்தது. ஒன்று பி.எஸ்.ஏ. கட்சி, மற்றது வெப்ளி கட்சி. இரண்டும் பக்கத்திலிருக்கும் பர்மிங்காமில் செய்த காற்றுத் துப்பாக்கிகள்தான். ஆனாலும் ஒருவன் எந்தக் கட்சி என்று தெரியாமல் அவனுக்கு யாரும் ஒரு கிளாஸ் பீர் வாங்கிக் கொடுத்ததில்லை.

பின்னறைச் சுவரில் ஓர் இரும்புத் தகடு. அதன் நடுவில் பட்டாணி நுழைகிற அளவு ஓட்டை, ஓட்டைக்குப் பின்னால் மணி. நின்றபடி சுட வேண்டும். ஈயக்குண்டு ஓட்டைக்குள் போனால் மணி அடிக்கும். போகாவிட்டால் தகட்டில் பூசிய வெள்ளைப் பூச்சில் எங்கே பட்டது என்று தெரிந்துவிடும், மானம் போகும்.

ஐசக் ட்ரோமன்ஸ் பி.எஸ்.ஏ. கட்சி. துப்பாக்கி அவர் அப்பாவுடையது, முதல் உலகப் போருக்கு முந்தியது. குழலுக்கு அடியில் ஒரு நெம்புகோல் இருக்கும். அதை இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் சுருண்டு மாட்டிக்கொள்ளும். விசையை அழுத்தினால் விரிந்து காற்றைத் தள்ளும். வெடிமருந்து கிடையாது, நெருப்பு கிடையாது. இழுத்தவன் கையில் என்ன பலம் இருந்ததோ அதுதான் குண்டுக்கும் பலம். ஐசக் இதைத் திருப்பித் திருப்பிச் சொல்லி மனைவி எட்னாவின் காதைப் புளிக்க வைத்திருக்கிறார்.

"உன் பி.எஸ்.ஏ.ல குண்டு கிளம்பி மணி அடிக்கிறதுக்குள்ள நான் ஒரு கிளாஸ் முடிச்சிருவேன்" என்பான் வெப்ளிக்கார ஹோரஸ்.

"அது துப்பாக்கியோட வேகம் இல்லடா, உன் தொண்டையோட வேகம்" என்பார் ஐசக்.

எத்தனையோ வருஷம் இதே பேச்சு, இதே சிரிப்பு. ஜெர்மன் துப்பாக்கி என்று எவனாவது வாயெடுத்தால் மட்டும் இரண்டு கட்சியும் ஒன்று சேர்ந்துவிடும்.

இன்னொரு விஷயத்திலும் அவர்களுக்குள் பேதமில்லை. இழுத்த ஸ்பிரிங்கை இழுத்தபடி விட்டுவிட்டு எவனும் துப்பாக்கியைக் கீழே வைக்கக் கூடாது. ஸ்பிரிங் தளர்ந்துவிடும். எட்னாவின் தம்பி ஒருமுறை துப்பாக்கியை இழுத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். "குதிரைக்குச் சேணத்தக் கழட்டாமத் தூங்கப் போறவனும் நீயும் ஒண்ணு" என்று சொன்ன ஐசக், கிறிஸ்துமஸ் வரைக்கும் மச்சானிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு பனிக்காலத்தில் பக்கவாதம் வந்தது. வலது கை துணி மாதிரி தொங்கிவிட்டது. இடது கை இருந்தது, ஆனால் அதிலும் பழைய உரம் இல்லை. உலைக்களத்தில் சிவந்த இரும்பை வளைத்த கை, ஜாம் பாட்டிலைத் திறக்க எட்னாவிடம் நீட்டியது. கட்சிக்காரன் ரூபன் ஒரு வியாழக்கிழமை வீட்டுக்கே வந்து கூப்பிட்டான்.

"நான் இழுத்துத் தர்றேன் ஐசக். நீ பாரமா எதுவும் செய்ய வேணாம், சாஞ்சுக்கிட்டுச் சுடு."

"நீ இழுத்துக் குடுத்து நான் சுடறதா? அப்புறம் சூப்பையும் ஊட்டிவிட்டுரு. கழுத்துல எச்சில் துணி கட்டிக்கிட்டு வர்றேன்."

ரூபன் சிரித்தான். ஐசக் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் வியாழக்கிழமைகளில் வெளியே போகவில்லை. அடுப்படிக்கு மேலே இரண்டு ஆணியில் துப்பாக்கி கிடந்தது. அவர் கீழே நாற்காலியில் கிடந்தார். சாயங்காலம் பப்பிலிருந்து வருகிற மணிச் சத்தம் தெருவில் கேட்கும் என்பதற்காக எட்னா ரேடியோவைச் சத்தமாக வைப்பாள்.

இலையுதிர் காலத்தில் அவரைக் குளிப்பாட்டும்போது வயிற்றில் ஒரு கன்றிப்போன தடத்தைப் பார்த்தாள். அடுத்த வாரம் இன்னொன்று. பழையது மஞ்சளாக, புதியது ஊதாவாக.

"என்னங்க இது?"

"மேசையில இடிச்சுக்கிட்டேன் புள்ள."

"ஒரே இடத்துலயா?"

"மேசை ஒரே இடத்துலதானே இருக்கு."

பதிலுக்குப் பஞ்சமில்லாத வாய். அவளும் விட்டுவிட்டாள்.

அது ஒரு திங்கட்கிழமை, துணி துவைக்கிற நாள். எட்னா பின்வாசலில் படுக்கை விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். வாயில் மரக் கிளிப்புகள். சமையலறை ஜன்னலை ஐசக் தட்டுகிற சத்தம் கேட்டது. கண்ணாடியில் வானம்தான் தெரிந்தது, அவர் முகம் தெரியவில்லை. வாயைத் திறக்க முடியாததால் கையை மட்டும் உயர்த்தி, இருங்க என்று காட்டினாள். மறுபடியும் தட்டினார். மறுபடியும் கையைக் காட்டினாள். டீ கேட்பார், வேறென்ன.

போட்டு முடித்து உள்ளே வந்தபோது ஐசக் ஜன்னலோரத்து நாற்காலியில் இருந்தார். துப்பாக்கி மடியில். தலை தோளில் சாய்ந்திருந்தது. தூங்குகிறார் என்று ஒரு கணம் நினைத்ததை எட்னா பிறகு யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் வருவதற்குள் துப்பாக்கியை எடுத்து ஆணியில் மாட்டினாள். மடியில் துப்பாக்கியோடு செத்தான் என்று ஊர் வாய் மெல்லும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

எதற்குத் தட்டினார்? அந்தக் கேள்வி அவளை அரித்தெடுத்தது. நெஞ்சு வலித்துக் கூப்பிட்டிருந்தால்? மூச்சு முட்டிக் கூப்பிட்டிருந்தால்? கட்டின புருஷன் சாகக் கிடந்து ஜன்னலைத் தட்ட, துணி உலர்த்திக்கொண்டு நின்றவளா நான்? போதகரிடம் கேட்டாள். அவர் கர்த்தருடைய சித்தம் என்றார். கர்த்தர் ஜன்னலைத் தட்டவில்லையே என்று அவள் சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள்.

மறு வருஷம் வெயில் தலைகாட்டியதும் ரூபனும் ஹோரஸும் வீட்டுக்கு வந்தார்கள். எண்ணெய் விடாமல் கிடந்தால் உள்ளே இருக்கும் தோல் வளையம் காய்ந்துவிடும், ஐசக் ஆவி நம்மை மன்னிக்காது என்றான் ரூபன். துப்பாக்கியை இறக்கி மடியில் வைத்து நெம்புகோலைப் பிடித்து இழுத்தான். அது கதவுத் தாழ்ப்பாள் மாதிரி லொடலொடவென்று வந்துவிட்டது. ரூபனின் முகம் மாறிவிட்டது.

"எட்னா, இத யாராவது தொட்டாங்களா?"

"நான் மாட்டுனதோட சரி. தூசிகூடத் தட்டல."

"இது இழுத்து வெச்சிருக்கு" என்றான் ரூபன்.

ஹோரஸ் வாங்கிப் பார்த்தான். குண்டு போடுகிற திருகைத் திருப்பி உள்ளே கண்ணை வைத்தான். "குண்டு இல்ல. சும்மா இழுத்து மட்டும் வெச்சிருக்கான்." பிறகு வெப்ளிக்காரன் மெதுவாகச் சொன்னான்: "இழுத்துட்டானே, பாவி."

எட்னா உட்கார்ந்துவிட்டாள். ஐசக் இருந்த ஜன்னலோரத்து நாற்காலிக்கு எதிரே, சுவரடிப் பலகையில் வட்டம் வட்டமாகக் குழிந்திருந்ததை அவள் பல தடவை துடைத்திருக்கிறாள். இப்போது புரிந்தது. குழலின் முனையை அங்கே முட்டுக்கொடுத்து, துப்பாக்கியின் பின்கட்டையை வயிற்றில் பதித்து, இடது கையால் இழுத்துப் பார்த்திருக்கிறார். அவள் கடைக்குப் போனபோதெல்லாம், துணி துவைத்தபோதெல்லாம். வாரக்கணக்கில் தோற்றுத் தோற்று, அந்தத் திங்கட்கிழமை ஜெயித்திருக்கிறார். ஜெயித்ததும் ஜன்னலைத் தட்டியிருக்கிறார்.

வலித்துக் கூப்பிடவில்லை. காட்டக் கூப்பிட்டிருக்கிறார். அவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கின இடத்தில் அதைவிடப் பெரிய பாரம் ஒன்று ஏறி உட்கார்ந்தது.

"இப்பவே சுட்டு விட்டுறணும். நாளாக ஆகத் தளரும்" என்றான் ரூபன்.

"தொடாத."

"எட்னா, ஸ்பிரிங்கு செத்துரும்."

"அவரு கைபலம் அதுக்குள்ள இருக்கு ரூபன். சுட்டா போயிரும்ல?"

ரூபன் தலையைச் சொறிந்தான். பொய் சொல்லத் தெரியாதவன். "வெச்சிருந்தாலும் நிக்காது. சத்தமில்லாம, கொஞ்சங்கொஞ்சமாப் போயிரும். ஒருநாள் விசையத் தொட்டா ஒண்ணும் இருக்காது."

வாசலில் ஹோரஸ் அவனைப் பிடித்து உலுக்கியது அவளுக்குக் கேட்டது. "துக்கத்துல இருக்கிறவகிட்ட ஸ்பிரிங்கு பாடமா நடத்துற, மடையா?" "பின்ன பொய்யா சொல்லச் சொல்ற?" என்றான் ரூபன்.

சில வாரங்கள் எட்னா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காலையில் அடுப்பு மூட்டும்போது, இரவு விளக்கணைக்கும்போது. உள்ளே ஐசக் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றும். அடுத்த நொடியே, பிடி நழுவிக்கொண்டிருக்கிறது என்றும் தோன்றும். ஒருமுறை அவர் தன்னந்தனியாக நழுவிப் போனது போதாதா? இந்த முறையாவது பக்கத்தில் நிற்க வேண்டும் என்று நினைத்தாள்.

ஒரு வியாழக்கிழமை ஐசக்கின் மேல்கோட்டில் துப்பாக்கியைச் சுற்றிக்கொண்டு பப்புக்குப் போனாள். இத்தனை வருஷத்தில் தெருவிலிருந்து மணிச் சத்தம் கேட்டிருக்கிறாளே தவிர, பின்னறைக்குள் கால் வைத்ததில்லை. யாரும் காரணம் கேட்கவில்லை. சுடுகிற கோட்டில் நின்றவன் விலகி இடம் விட்டான். ரூபன் குண்டைப் போட்டுத் திருகை மூடித் தந்தான்.

"தோள்ல நல்லா அணைச்சுக்க. அவசரப்படாத."

எட்னா அழுத்தினாள்.

பெரிய சத்தமில்லை. யாரோ பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம், பிறகு தகட்டில் 'டப்'. ஓட்டைக்குக் கட்டைவிரல் தூரம் கீழே வெள்ளைப் பூச்சில் சாம்பல் நிறப் பொட்டு. மணி அடிக்கவில்லை. பழைய எண்ணெய் வாசனை வந்தது, வியாழக்கிழமைகளில் ஐசக் சட்டையில் வருகிற வாசனை. அது தீரும்வரை எட்னா அசையாமல் நின்றாள்.

"நேராத்தான் போயிருக்கு, பலந்தான் பத்தல" என்றான் ஹோரஸ். பி.எஸ்.ஏ.வைப் பற்றி அவன் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. "குடு, நான் இழுத்துத் தர்றேன். இந்தத் தடவ மணி அடிச்சுரும்."

"வேணாம் ஹோரஸ். அது உன் இழுப்பு. அவரோடது ஆயிப்போச்சு."

அவள் உட்கார்ந்தாள். கட்டையை வயிற்றில் பதித்து, குழல் முனையைச் சுவரில் முட்டுக்கொடுத்து, நெம்புகோலை இழுத்தாள். இப்போது அது லொடலொடவென்று வரவில்லை. ஒரு சாண் வந்தது, கையைப் பறித்துக்கொண்டு திரும்பிப் போனது. இரண்டு கையாலும் இழுத்தாள். வயிற்றில், அவருக்குக் கன்றியிருந்த அதே இடத்தில், எலும்பு வரை வலித்தது. அதற்குமேல் அது நகரவில்லை.

"இவ்வளவு கனமா?" என்றாள். "இதையா அவரு அந்த ஒத்தக் கையால இழுத்தாரு?"

ரூபன் தொப்பியைக் கழற்றினான்.

"அன்னிக்கு ரெண்டே விரிப்புதான் ரூபன் மிச்சமிருந்துச்சு" என்றாள் எட்னா. "கீழ போட்டுட்டு வந்திருக்கலாம். அழுக்கானா மறுபடியும் துவைச்சிருப்பேன்."